சிவப்புப் பேனா விளையாடச் சொல்லிக்கொடுத்த கதை

ஆபீசில் அவருக்குச் சிவப்புப் பேனா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை என்றாலும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதரிடம் யார் என்ன பேச முடியும்?

லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை ஓட்டிக் காட்டச் சொல்லி, தேறினாரா இல்லையா என்று எழுதுவது அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அதே மைதானம், அதே பரீட்சை அட்டை. அட்டையின் மேல் ஒரு தாள், தாளில் இருபத்தாறு கட்டங்கள். கண்ணாடி பார்த்தாரா, இண்டிகேட்டர் போட்டாரா, கிளட்சை விட்டபோது வண்டி குலுங்கிற்றா, கட்டத்துக்குக் கட்டம் சிவப்பில் குறி விழும். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் "எடுங்க", "திருப்புங்க", "நிறுத்துங்க" என்பதைத் தவிர வாய் திறக்க மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவருக்கு வியர்த்து ஊற்றும். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை.

சொந்த மைத்துனரை மூன்று தடவை பெயிலாக்கியவர். பெண்டாட்டியை இரண்டு தடவை. வீட்டு ஆட்களை வேறு இன்ஸ்பெக்டர் பார்க்கட்டுமே என்று மேலதிகாரி நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். "மத்தவங்க விட்டுக்கொடுத்துடுவாங்க சார்" என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார் நம் ஆள். இரண்டாம் தடவை பெயிலானபோது அவர் மனைவி வண்டியைவிட்டு இறங்கிக் கதவைச் சாத்திய சத்தம் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது இடதுபக்கக் கண்ணாடியை அவள் பார்க்கவில்லையாம். மூன்றாம் தடவை அவள் போகவில்லை. மருந்துக் கடை கவுன்டரில் அவளுக்கு வேலை. எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற கெட்டிக்காரி, இன்றைக்கும் பஸ்ஸில்தான் போய் வருகிறாள்.

இந்த இருவருக்கும், அவருடைய நாற்பத்தொன்றாவது வயதில், ஒரு பெண் பிறந்தாள். எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். இந்தக் கதை நடந்தபோது பாப்பாவுக்கு நாலரை வயது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, துணி காயப்போட ஒரு பால்கனி. பாப்பாவின் சாம்ராஜ்யம் அந்தப் பால்கனிதான். குடிமக்கள் எல்லாரும் துணி கிளிப்புகள். அப்பாவின் ரப்பர் செருப்பு ஒன்று பஸ். கிளிப்புகளை அதில் வரிசையாக நிற்க வைத்து, தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டே போவாள். "இறங்குறவங்க எல்லாம் இறங்குங்க. பச்சை, நீ ஏன் அழற? உங்கம்மா அடுத்த பஸ்ல வரா. மூக்கைத் துடைச்சுக்கோ." கம்பி கழன்ற கிளிப் ஒன்று உண்டு. அதற்கு உடம்பு சரியில்லை, ஆறு மாதமாக லீவில் இருந்தது. தினமும் மாலையில் பஸ் அதன் வீட்டு வாசலில் நின்று, எல்லாரும் இறங்கி, எப்படி இருக்கிறாய் என்று விசாரித்துவிட்டு ஏறிக்கொள்வார்கள்.

இதனால் துணி காயப்போட எப்போதும் கிளிப் பற்றாது. கொடியில் போட்ட துணி காற்றில் பறந்து கீழ்வீட்டுக்காரர் பால்கனியில் விழும். "ஒரு நாலு பேரையாவது குடேன்டி" என்று அம்மா கெஞ்சுவாள். "அவங்கெல்லாம் வேலைக்குப் போறவங்கம்மா" என்று பாப்பா கையை விரித்துவிடுவாள். அம்மா உள்ளே போய்ச் சிரிப்பாள். கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிற அவளுக்கு அதுதான் மருந்து.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேலதிகாரியின் பேரனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் சீட்டுக் கிடைக்காமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் போயிருக்கும்.

அது பெரிய இடத்துப் பள்ளிக்கூடம். எழுத்துத் தெரியுமா, எண் தெரியுமா என்று அங்கே கேட்க மாட்டார்கள். அதெல்லாம் பழைய காலமாம். பொம்மைகள் நிறைந்த அறையில் குழந்தையை விட்டுவிட்டு இருபது நிமிடம் கவனிப்பார்கள். கற்பனை வளம் உள்ள குழந்தைக்கே இடம். பளபளவென்று ஒரு கையேடு வேறு கொடுத்திருந்தார்கள். பாப்பாவையும் அங்கேயே சேர்ப்பது என்று முடிவு கட்டிவிட்ட சிவப்புப் பேனா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, வரிக்கு வரி அடிக்கோடு போட்டுப் படித்தார். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் குழந்தை ஒரு பொருளை வேறொன்றாகப் பாவித்து விளையாடுகிறதா?

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே பால்கனியில் பதினொரு பயணிகளுடன் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. முகத்தில் கண் இருக்கிற எந்த மனிதனும் அந்த நிமிடமே கையேட்டை மூடியிருப்பான். இவரோ முகம் சுண்டிப்போய் மனைவியைக் கூப்பிட்டார்.

"இவளுக்குக் கற்பனையே இல்ல போலிருக்கே. செருப்பை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

"ஏங்க, அது செருப்பு இல்ல. பஸ்ஸு."

"அதைத்தான் நானும் சொல்றேன். அது செருப்புன்னுகூட அவளுக்குத் தெரியல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினாறு வருடம் குடித்தனம் செய்த மனிதர்தான். இருந்தாலும் சில நேரம் புதிதாகப் பார்ப்பது போல அவளுக்கு மலைப்பாக இருக்கும்.

மறுநாள் மாலை இரண்டு பை நிறையப் பொம்மைகள் வந்திறங்கின. டாக்டர் செட் ஒன்று, கடை வைத்து விளையாடும் செட் ஒன்று, சொப்புச் சாமான் ஒன்று, கண்ணை மூடித் திறக்கிற பொம்மை ஒன்று. பாப்பா குதித்தாள். பாவம், விளையாடுவதற்குத்தான் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டி, நேரே போய் மேசைக் காலில் வைத்தாள்.

"உள்ள ஒரு ஆளு தூங்குறாங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"டாக்டர் மேசையைப் பார்க்க மாட்டார் பாப்பா. நோயாளியைத்தான் பார்ப்பார்."

"இவங்களுக்குத்தான் நோயி. அதான் எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க."

"தப்பு" என்றார் அப்பா. எழுந்து போய் அலமாரியிலிருந்து பரீட்சை அட்டையை எடுத்து வந்தார்.

நான் கூட்டிச் சொல்லவில்லை. டாக்டர் விளையாட்டுக்கு அந்த மனிதர் பதினெட்டுக் கட்டத்தில் தாள் தயாரித்தார். ஆபீஸ் தாளைப் போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. நோயாளியை வரவேற்றாளா? பெயர் கேட்டாளா? ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாளா? வைக்கும்போது முகத்தில் அக்கறை தெரிந்ததா? கடைசிக் கட்டம், விளையாட்டை மகிழ்ச்சியுடன் விளையாடினாளா? அதற்கு இரண்டு மதிப்பெண். அறைக்குள் நுழைந்ததும் இடம், வலம், பின்பக்கம் என்று மூன்று பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பொம்மையைத் தொட வேண்டும் என்பதும் அதில் உண்டு. குழந்தை என்ன லாரியா ஓட்டப்போகிறது என்று கேட்க அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள், கேட்கவும் செய்தாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தினமும் ஆறிலிருந்து ஏழு வரை பயிற்சி. முதல் மூன்று நாள் பாப்பா வாதாடினாள். பொம்மைக்கு முட்டியில்தான் நெஞ்சு இருக்கிறது என்றாள். தப்பு. மருந்து கசந்ததால் பொம்மை டாக்டருக்கே ஊசி போட்டுவிட்டது என்றாள். தப்பு. சொப்புச் சாமானில் இருந்த சட்டியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, மழை வருது என்று மேசைக்கு அடியில் ஓடினாள். அது பெரிய தப்பு. அதற்கு ஒரே நேரத்தில் நான்கு கட்டத்தில் குறி விழுந்தது. நான்காம் நாள் அழுதாள். அழுகையும் பதினான்காம் கட்டத்தில் ஏறியது.

பத்தாம் நாள் அவள் கையில் ஊசியை வைத்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப ஊசியா, மாத்திரையாப்பா?"

"அப்படிக் கேளு. கேட்டுச் செஞ்சா தப்பே வராது" என்றார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. எட்டிலிருந்து பதினாறுக்கு வந்துவிட்டாள் என்று ஆபீசில் போய்ச் சொன்னார். என்னமோ ஏதோ என்று அங்கே இருந்தவர்கள் கைகுலுக்கினார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாத் துணிக்கும் கிளிப் போட்டு முடித்த பிறகும் கூடையில் ஏழெட்டு மிச்சம் இருந்தது. முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வாரம் ஒரு துணிகூடக் கீழே பறந்து விழவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே கூடைக்குள் பார்த்தாள். கம்பி கழன்றதுகூட அதற்குள் கிடந்தது. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நேரே உள்ளே போனாள்.

அன்று அவள் அவரை விடவில்லை.

"போதும் நிறுத்துங்க. அவ பேசறதே இல்ல, கவனிச்சீங்களா?"

"கவனம் வந்திருக்கு. முன்னெல்லாம் வாய் ஓயாது."

"அந்த வாய்தாங்க நம்ம புள்ள. சீட்டு கிடைக்கலைன்னா வேற ஸ்கூல் இருக்கு. அது போச்சுன்னா எங்க போய் வாங்கிட்டு வருவீங்க?"

"உனக்குப் புரியாது. எதுவுமே பழக்கம்தான். அம்பது தடவை கியர் மாத்தினா கை தானாப் போகும்."

"கை போகும். புள்ள எங்க போவா?"

அவர் சிரித்தார். பெயிலானவர்கள் காரணம் சொல்லும்போது மைதானத்தில் சிரிக்கிற அதே சிரிப்பு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்னால், அவளும் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கடையில் இரண்டு பேரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். சீருடை நன்றாக இருக்கும் என்றும் ஒரு நினைப்பு. சோதனைக்கு இன்னும் ஒரு வாரம்தானே, அப்புறம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்காக அவளை நான் மன்னிப்பதாக இல்லை.

சோதனை நாள் வந்தது. வெளிச்சமான பெரிய அறை. ஒரு மூலையில் குட்டிச் சமையலறை, ஒரு மூலையில் துணிக் கரடிகள், நடுவில் தரைவிரிப்பு. பெற்றோர் சுவரோரமாகக் குழந்தைகள் நாற்காலியில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார வேண்டும், பேசக் கூடாது. டீச்சர் துணிச் செருப்புப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தார். அவர் கையிலும் ஒரு அட்டை இருந்தது. அதைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவுக்கு அந்த அம்மாள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

பாப்பா உள்ளே வந்தாள். இடம், வலம், பின்பக்கம் பார்த்தாள். டாக்டர் செட்டின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கரடியை வரவேற்றாள், பெயர் கேட்டாள், நெஞ்சில் வைத்துக் கேட்டாள், முகத்தில் அக்கறை காட்டினாள். ஊசிக்கு முன்னால் பஞ்சால் துடைத்தாள். எல்லாம் முடிந்ததும், பதினெட்டாம் கட்டம் நினைவுக்கு வந்தவளாக, பல் தெரியச் சிரித்தாள். அப்பா மனைவியின் விலாவில் முழங்கையால் இடித்தார்.

பிறகு டீச்சர் ஒரு வெறும் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஏதோ சாமான் வந்திறங்கிய பழைய பெட்டி. "இதை வெச்சு உனக்குப் பிடிச்ச மாதிரி விளையாடு செல்லம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்.

அட்டைப்பெட்டிக்கு வீட்டில் தாள் தயாரித்திருக்கவில்லை.

பாப்பா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சுற்றி வந்தாள். ஒரு தடவை கவிழ்த்தாள், மறுபடி நிமிர்த்தி வைத்தாள். அப்புறம் நிமிர்ந்து, அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி, தெளிவாகக் கேட்டாள்.

"அப்பா, இது என்னவா இருக்கணும்?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசக் கூடாது என்பது சட்டம், சட்டத்தை மீறி அவருக்குப் பழக்கமில்லை. சத்தம் வராமல் கார், கார் என்று வாயை அசைத்தார். ஸ்டியரிங் திருப்புவது போல முட்டிக்கு மறைவில் கையை ஆட்டினார். குழந்தைக்குப் புரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடமே வந்து மடியில் வைத்தாள். "நீ எழுதிக் குடுப்பா. நான் அதே மாதிரி செய்யறேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். செருப்பைப் பஸ்ஸாக்கியவள், மேசைக்குள் ஆளைத் தூங்க வைத்தவள், இரண்டடி அட்டைப்பெட்டிக்கு முன்னால் வழி தெரியாமல் நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டு தானும் சும்மா இருந்தோமே என்ற நினைப்பில் அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. டீச்சர் அட்டையில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், பெயிலாகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குத் தெரிந்தது. அந்த ஞானமாவது நிலைத்திருக்கலாம். நான்காம் நாள் கடிதம் வந்து அதையும் கெடுத்தது.

சீட்டுக் கிடைத்துவிட்டது. காரணமும் எழுதியிருந்தார்கள். சொன்னதைக் கேட்டு நடக்கும் குழந்தை, தானாக எதையும் தொடுவதில்லை, வகுப்பறைக்கு மிகவும் ஏற்றவள். கற்பனை வளம் என்று பளபளத் தாளில் அச்சடித்த பெருமக்கள் எழுதிய கடிதம் இது. மேலே அதே சின்னம், அதே வானவில். அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மருந்துச் சீட்டில் அளவு தப்பாக இருந்தால் அவள் முகம் அப்படித்தான் போகும்.

அவரோ கேக் வாங்கி வந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். ஆபீசில் மேலதிகாரி தோளில் தட்டினாராம், அதை மூன்று தடவை சொன்னார். சந்தோஷம் தலைக்கேறிப்போய், பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தை அன்று மாலை செய்தார். பேன்ட்டை முட்டிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஹாலின் நடுவில், நாலு காலில் இறங்கினார். முட்டி இரண்டும் சடசடவென்று நெட்டி முறிந்தன.

"பாப்பா, இங்க வா. நான் யாரு சொல்லு?"

பாப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். "அப்பா."

"இல்ல, நல்லாப் பாரு." ஒரு கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டு ஆட்டினார். உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்தார். வாயால் பிளிறவும் செய்தார். அழகாக இல்லைதான், ஆனால் மனப்பூர்வமாகவே செய்தார். அந்த ஒரு மதிப்பெண்ணை மட்டும் அவருக்கு நான் கொடுத்துவிடுகிறேன்.

"அப்பாதான்" என்றாள் பாப்பா.

"யானைம்மா நானு. உன்னை முதுகுல ஏத்திக்கிட்டுப் போற யானை. வா, ஏறு."

அவள் இறங்கி வந்தாள். அவரைச் சுற்றி ஒரு நடை நடந்து, முதுகைத் தொட்டுப் பார்த்தாள். ஏறப்போகிறாள் என்று அவர் குனிந்து கொடுத்தார். கேக் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவும் கையை நிறுத்திவிட்டு, ஏறு, ஏறுடி என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"சீட்டுதான் கிடைச்சிருச்சேப்பா" என்றாள் பாப்பா. "இனிமே விளையாட வேணாமில்ல?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னாள். பரீட்சை முடிந்த பிள்ளைகளுக்கு வருமே, அந்த நிம்மதி.

அவர் எழுந்திருக்கவில்லை. தொங்கவிட்ட கை தரையில் இறங்கிற்று. மனைவி இருக்கும் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் இல்லை. திரும்பியிருந்தாலும் பயனில்லை, பதினாறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றையும் எடுக்காமல் அவள் கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்பது இதுதானா என்று அவர் யோசித்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, அப்படியே நின்றார்.

பாப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்பாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து, அவர் காதருகே, பொறுமையாக இன்னொரு தடவை சொன்னாள்.

"முடிஞ்சிருச்சுப்பா. நீ எந்திரிக்கலாம்."